பால் கறந்துவிட்டுக் கிளம்பலாம்! தண்ணீர் வரும் வழியில் இரண்டு நாள்

மதுரை மாவட்டத்தின் கடைமடைக் கிராமங்களில் ஆவணி பிறந்துவிட்டால் டீக்கடைப் பேச்செல்லாம் ஒன்றையே சுற்றி வரும். ‘அணையில் இன்னைக்கு எத்தனை அடி?’ என்பதுதான் அது. பேப்பரை விரித்ததும் கண் போவது நீர்மட்டப் பட்டியலுக்குத்தான். பெரியாறு, வைகை இரண்டு அணைகளின் இருப்பையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் இந்த வருஷம் நாற்று விடுவதா வேண்டாமா என்று முடிவாகிறது. ஆனால், அந்த அணையை நேரில் பார்த்தவர்கள் அந்த டீக்கடையில் எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்குகிறவர்கள் குறைவு. வீட்டுப் பெண்களைக் கேட்டால் இன்னும் குறைவு. வருஷம் முழுக்க ஒரு வாய்க்கால் தண்ணீரை நம்பி வாழ்கிறவர்கள், அந்தத் தண்ணீர் கிளம்பும் இடத்தைப் பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட குடும்பங்களுக்கான பயணத் திட்டம் இது. மதுரையை நடுவில் வைத்து, மேற்கே ஒரு நாள், கிழக்கே ஒரு நாள். இரண்டையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டும் என்பதில்லை. தைக்கு ஒன்று, மாசிக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டாலும் சரிதான்.

தடை தூரம் அல்ல, தொழுவம்

கிராமத்துக் குடும்பம் ஊர் சுற்றப் போகாததற்குக் காசு மட்டும் காரணமில்லை. ‘மாட்டுக்கு யார் தண்ணி காட்டுறது?’ என்ற ஒரு கேள்வியில் முக்கால்வாசித் திட்டம் நின்றுபோகும். கடைசியில் ஆண்கள் கிளம்பிவிடுவார்கள். தொழுவத்தைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கார அம்மாவோ, வயதான அப்பத்தாவோ நின்றுவிடுவார்கள். பத்து வருஷம் கழித்தும் அதே ஆள்தான் நிற்பார்.

அதனால்தான் இந்தத் திட்டத்தில் ராத்தங்கல் கிடையாது. காலைப் பால் கறந்துவிட்டுக் கிளம்பி, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். சாயங்காலக் கறவை ஒன்றுக்கு மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தால் போதும். அதுவும் பழகின கையாக இருக்க வேண்டும். புது ஆள் உட்கார்ந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். ஆகவே, இரண்டு நாள் முன்பாகவே அவரைக் கூடவே உட்காரவைத்துப் பழக்கிவிடுவது நல்லது. பதிலுக்கு அவர்கள் குடும்பம் போகும் நாளில் இவர்கள் கறந்து கொடுக்கலாம்.

நிற்கும் இடம் முதலில், பார்க்கும் இடம் பிறகு

பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கின் கடைசிக் காலம் இங்கிலாந்தின் கேம்பர்லி என்ற ஊரில் கழிந்தது. 2022-ல் தமிழக அரசு அவருக்கு அங்கே ஒரு சிலை வைத்தது. அந்த நாட்டில் காரில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் செய்யும் ஒரு காரியம் நமக்கும் உதவும். அங்கே கிராமத்துக்குக் கிராமம் ‘பப்’ உண்டு. பீர் விற்கும் கடைதான் என்றாலும், பல ஊர்களில் அதுதான் சாப்பாட்டுக்கடை, அதுதான் ஊர்த் திண்ணை. மதியச் சமையல் பல கடைகளில் இரண்டு, இரண்டரை மணியோடு முடிந்துவிடும். தவறவிட்டால் சாயங்காலம் வரை வயிறு காய வேண்டியதுதான். அதனால், எந்தக் கடையில் எத்தனை மணிக்கு நிற்பது என்பதை முதலில் முடிவு செய்கிறார்கள். பார்க்கும் இடங்களை அதற்கு நடுவில் பொருத்துகிறார்கள்.

நம் ஊருக்கும் இதே கணக்குத்தான். மதுரை மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் 12.30-க்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். பகல் வெயிலில் மலை ஏற முடியாது. குழந்தைக்குப் பசித்தால் கல்வெட்டில் கண் நிற்காது. அதனால் டீ, டிபன், மதியச் சாப்பாடு, கழிப்பறை இந்த நான்கையும் முதலில் தாளில் எழுத வேண்டும். கழிப்பறையை எழுதாத திட்டத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். பெட்ரோல் பங்க், அரசு அருங்காட்சியகம், பெரிய ஹோட்டல் இவற்றில் எதிலாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கும்படி வழியை வகுத்துக்கொள்ளலாம்.

முதல் நாள்: மேற்கே, தண்ணீரை எதிர்கொண்டு

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் வழியாக வைகை அணை சுமார் 70 கிலோமீட்டர். ஆறு மணிக்கு மதுரையைத் தாண்டினால், உசிலம்பட்டியில் காலை டிபனை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு முன்பே அணைக்குப் போய்விடலாம். மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அவரவர் தூரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. ‘58 கிராமக் கால்வாய்’ என்ற பெயர் பல வருஷப் போராட்டத்தின் பெயர். வைகை அணையிலிருந்து உசிலம்பட்டி வட்டாரக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்தக் கால்வாயில் 2018-ல்தான் சோதனை ஓட்டம் நடந்தது. அணையில் நீர்மட்டம் 67 அடியைத் தாண்டினால்தான் அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறும். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. அதாவது, மேலே இருக்கும் நாலே அடித் தண்ணீரை நம்பித்தான் அந்தக் கிராமங்கள் காத்திருக்கின்றன. பேப்பரில் ‘67 அடி’ என்று பார்த்ததும் உசிலம்பட்டிக்காரர் முகம் ஏன் மலர்கிறது என்பது அணையின் மேல் நின்று பார்த்தால் விளங்கும்.

வைகை அணை 1959 ஜனவரியில், காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திறக்கப்பட்டது. பூங்கா இருப்பதால் பிள்ளைகளுக்குப் பொழுது போகும். பெரியவர்கள் பார்க்க வேண்டியது அந்தப் பக்கம் நிற்கும் நீரை. அதில் பெரும்பங்கு வைகையில் பிறந்ததல்ல. மேற்கே பார்த்து ஓடி அரபிக்கடலில் சேர வேண்டிய பெரியாற்றை மலைக்கு நடுவே மறித்து, மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, கிழக்கே திருப்பிவிட்ட தண்ணீர் அது. 1886-ல் திருவிதாங்கூருடன் 999 வருஷத்துக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 1895-ல் அணை திறக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் மேலூர்ப் பக்கத்து மானாவாரிச் செவக்காட்டில் நெல் நின்றது. தேனி மாவட்டத்தில் ஜனவரி 15-ம் தேதி பென்னிகுயிக் பிறந்த நாளைப் பொங்கல் வைத்துக் கொண்டாடுவது இதனால்தான்.

அணையை விட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பினால் பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகத் தண்ணீரோடு கிழக்கே இறங்கலாம். மதியச் சாப்பாடு வத்தலக்குண்டில். அடுத்து வரும் நிலக்கோட்டை பூவுக்குப் பேர் போன ஊர். மல்லிகைக் காடு வைத்திருப்பவர்கள் வழியோரத் தோட்டங்களில் கவாத்து எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

நிலக்கோட்டைக்குக் கீழே, அணைப்பட்டிக்கு அருகில் இருக்கிறது பேரணை. வைகை அணையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான். ஆனால், விவசாயிக்குப் பாக்கெட்டைத் தொடும் இடமும் இதுதான். ஆற்றில் வரும் தண்ணீர் இங்கேதான் ஷட்டர் வழியாகப் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குத் திரும்புகிறது. பாசனக் கணக்கைப் பாருங்கள்:

– கள்ளந்திரி வரை இருபோகம்: 45,041 ஏக்கர்
– கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதியில் ஒருபோகம்: 85,563 ஏக்கர்
– திருமங்கலம் பிரதானக் கால்வாயில் ஒருபோகம்: 19,439 ஏக்கர்

மொத்தம் ஒன்றரை லட்சம் ஏக்கரின் தலையெழுத்து சில இரும்புக் கதவுகள் எத்தனை அடி தூக்கப்படுகின்றன என்பதில் இருக்கிறது. மேல்மடைக்காரர்கள் ஆனியில் நட்டுக்கொண்டிருக்கும்போது, கீழ்மடைக்காரர்கள் புரட்டாசி வரை வானத்தையும் பேப்பரையும் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ‘நமக்கு ஏன் தண்ணி வரலை?’ என்று ஊரில் சண்டை போடும் இளவட்டங்களை ஒருமுறை இங்கே கூட்டிவந்து நிறுத்தலாம். கோபம் குறையாமல் போகலாம். ஆனால், எந்த இடத்தில், யாரிடம், எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும். ஷட்டருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடக் கூடாது. தண்ணீர் திறந்திருக்கும் நாளில் ஆற்றில் இறங்கவே கூடாது. மேலே இருந்து பார்க்க வலு தெரியாது, காலை இழுத்துவிடும்.

பேரணையிலிருந்து ஆற்றை ஒட்டியே வந்தால் சோழவந்தான். மாலை டீக்கு இதுதான் இடம். தென்னையும் வாழையும் நெல்லும் மாறி மாறி வரும் இந்த மண்ணில் வெற்றிலைக் கொடிக்கால் தனி அழகு. அகத்தியைப் பற்றி ஏறிய கொடியின் நிழலுக்குள் நுழைந்தால் வெளியில் அடிக்கும் வெயில் தெரியாது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கவுளி வாங்கி வைத்துக்கொண்டால், வீட்டில் கறவைக்கு நின்ற பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுக்கலாம். நேரம் இருந்தால் ஆற்றங்கரையில் திருவேடகம் கோயில். சம்பந்தர் விட்ட ஏடு வைகை வெள்ளத்தை எதிர்த்து வந்து கரையேறிய இடம் என்பது ஐதீகம். அங்கிருந்து மதுரை அரை மணிச் சொச்சம்தான்.

இரண்டாம் நாள்: நகரமும் கடைமடையும்

இரண்டாம் நாள் இன்னும் முன்னதாகக் கிளம்ப வேண்டும். ஆறு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நிற்பது நல்லது. மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் விலை வரத்தையும் முகூர்த்தத்தையும் பார்த்தே நிற்கிறது. விடியுமுன் எழுந்து மொட்டுப் பறித்த கை எதுவோ, விலை சொல்லும் கை வேறு. பூ போடுகிற குடும்பத்துப் பெண்கள், தாங்கள் பறித்து அனுப்பும் பூ எப்படி எடை போடப்படுகிறது, எப்படிக் கைமாறுகிறது என்று ஒருநாளாவது பார்க்க வேண்டும்.

ஏழு, ஏழரை மணிக்கு மீனாட்சியம்மன் கோயில். செல்போனை உள்ளே விடமாட்டார்கள். அதை வண்டியிலோ பாதுகாப்பு அறையிலோ வைத்துவிட வேண்டும். பிரிந்துபோனால் எந்த வாசலில் சேர்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நான்கு கோபுரமும் ஒரே மாதிரி தெரியும் என்பதால் ‘அம்மன் சன்னதி வாசல்’ என்று குறிப்பாகச் சொல்லிவைப்பது நல்லது.

வெளியே வந்ததும் பருத்திப்பால். மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டி வைக்கிறோமே, அதே பருத்திக்கொட்டைதான். இரவு ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அரிசிமாவு கலந்து காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டுச் சூடாக ஊற்றுவார்கள். வெறும் வயிற்றுக்கு டீயை விட இது எவ்வளவோ மேல். வீட்டில் கொட்டை இருக்கிறவர்கள் மருந்து கலக்காத நல்ல கொட்டையாகப் பார்த்து வீட்டிலேயே செய்யலாம். விதைக்கு வாங்கிய மருந்து பூசிய கொட்டையை மட்டும் தொடக் கூடாது.

மேலமாசி வீதியில் ஒரு கதர் கடை உண்டு. அதன் மேல்மாடியில்தான் 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி சட்டையைத் துறந்து, இடுப்பில் ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். கதர் வாங்கக்கூட வழியில்லாத ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு. நம் வயல்களில் அன்றும் இன்றும் வேலை செய்கிறவர்களின் உடை அது. தமுக்கம் அரண்மனையில் 1959-ல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்த்தால் கதை முழுமையாகும்.

பதினோரு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பால் ஊற்றுகிறவர்கள் ஒரு டம்ளர் விலையைப் பார்த்துவிட்டு, சொசைட்டியில் லிட்டருக்குக் கிடைப்பதை நினைத்துப் பெருமூச்சு விடுவது நடக்கும். அது பெருமூச்சோடு நிற்க வேண்டியதில்லை. நன்னாரி, பாதாம் பிசின், சுண்டிய பால் என எல்லாம் கிராமத்தில் கிடைப்பவை, செய்யக்கூடியவை. நாலு பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் திருவிழாக் கடை போடலாமே என்று யோசிக்கவும் இடமிருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முடிவு எடுக்க வேண்டும். கீழடியா, அழகர்கோவிலா? இரண்டையும் சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகும்.

கீழடி, நகரிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர். தென்னந்தோப்புக்கு அடியில் 2014-ல் தொடங்கிய அகழாய்வில் உறைகிணறுகளும், மாடு, எருமை, ஆடுகளின் எலும்புகளும் கிடைத்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகும் என்று 2019-ல் அறிக்கை வந்தது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பும் இதே வைகைக்கரையில் மாடு வைத்துப் பிழைத்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அழகர்கோவில் வழியைத் தேர்ந்தெடுத்தால் தண்ணீர்க் கதை முழுமையாகும். வழியில் கள்ளந்திரி. முதல் நாள் பேரணையில் படித்த இருபோகமும் ஒருபோகமும் பிரியும் கோடு இதுதான். மேலே பச்சை, கீழே காத்திருக்கும் கரம்பை என்று சில மாதங்களில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அழகர்கோவிலில் நெய்யில் வேகவைத்த கனமான தோசைதான் பிரசாதம். சித்திரையில் அழகர் பச்சைப்பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் அந்த வருஷம் வெள்ளாமை செழிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. குரங்குகள் அதிகம் என்பதால் பையில் பழம் வெளியே தெரியக் கூடாது.

கடைசி நிறுத்தம் மேலூருக்கு முன்னால் அரிட்டாபட்டி. வெயில் தாழ்ந்த பிறகு போவது நல்லது. மலையடியில் குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழி எழுத்துக் கல்வெட்டு, மேலே வட்டமிடும் ராசாளி. சுற்றிலும் ஊருணிகளும் சுனைகளும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அதே வட்டாரத்தைச் சேர்த்துச் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விடப்பட்ட செய்தி 2024 நவம்பரில் வந்தது. அடுத்த ஜனவரி 7-ம் தேதி மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கி நடந்தார்கள். 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டிப் பாறைமேல் நின்று கீழே கண்மாய்களைப் பார்க்கிறவர்களுக்கு, எதைக் காப்பாற்ற நடந்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

கேள்வி: ஊரில் குட்டி யானை, லோடு வேன் இருக்கிறது. பதினைந்து பேர் அதிலேயே போய்விட்டால் செலவு மிச்சமாகுமே?

கூடாது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். ஒரு திருப்பத்தில் சாய்ந்தால் பின்னால் நிற்கிறவர்கள் மொத்தமாகத் தூக்கியெறியப்படுவார்கள். சுற்றுலாவுக்காக ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கிடைப்பதும் கஷ்டம். பயணிகள் வேன் பிடித்து, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு, மூன்று வீடுகள் சேர்ந்தால் தலைக்கு வரும் செலவு குறையும்.

கேள்வி: வழியில் ஆண்கள் ‘கடை’ தேடிப் போய்விடுகிறார்கள். திட்டமே கெட்டுப்போகிறதே?

கிளம்பும் முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. பெண்களும் பிள்ளைகளும் வண்டியில் ஒரு மணி நேரம் வேகக் காத்திருப்பதற்குப் பெயர் சுற்றுலா அல்ல. ஓட்டுகிறவர் தொடவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே வழக்கு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ உண்டு. பங்குனி முதல் பதநீரும் நுங்கும் வழியெல்லாம் கிடைக்கும். நிற்பதற்கு அது போதும்.

கேள்வி: எந்த மாதம் போவது நல்லது?

ஒருபோக அறுவடை முடிந்து, வைக்கோல் போர் போட்டபின் வரும் தை, மாசி. வெயில் கடுமையாக இருக்காது, கண்மாய்களிலும் தண்ணீர் நிற்கும். கால்வாயில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை. சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரைக்குள் வண்டி நகராது. திருவிழாவுக்காகவே வருகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

கேள்வி: சுற்றுலாவோடு விவசாய வேலையும் ஏதாவது முடியுமா?

முடியும். மேலூர் சாலையில் ஒத்தக்கடை, யானைமலை அடிவாரத்தில் 1965-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையமும் அதே வளாகத்தில்தான். வேலை நாளாகப் பார்த்துப் போனால் விதை, பூச்சி, மண் பற்றிய கேள்விகளைக் கேட்டு வரலாம். நோய் தாக்கிய செடியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போவது, வாயால் விளக்குவதை விடப் பலன் தரும்.

அடுத்த ஆவணியில்…

மதுரை நகருக்குள் வைகையில் பல மாதம் மணலும் சாக்கடையும்தான் தெரியும். அதைத் தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தொடும்போது ஆறு ஏறக்குறைய தீர்ந்துவிடும். வாய்க்காலாகப் பிரிந்து, கண்மாயாகத் தேங்கி, வயலாக விரிந்துவிடுவதால் இந்த ஆறு கடலை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அப்படிப் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் யாருக்கோ கிடைக்கிறது, யாரோ காத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு நாள் முடிந்தபின் தண்ணீர் கூடுதலாக வந்துவிடப்போவதில்லை. ஆனால் அடுத்த ஆவணியில், ‘அணையில் 67 அடி’ என்று டீக்கடையில் யாராவது படிக்கும்போது, அது வெறும் எண்ணாக இருக்காது. வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் அம்மாவும் அங்கிருந்தே கேட்பார், ‘பேரணையில ஷட்டரைத் தூக்கிட்டாங்களா?’ என்று.